முப்பத்திரண்டாவது ஆவர்த்தனம்

தட்டச்சு செய்கிறவன் நகம் வளர்க்கக் கூடாது, ஐயா. ஞாயிறுதோறும் வெட்டிவிடுவேன். இந்த வாரம் முடியவில்லை. கை பார்க்க அசிங்கமாக இருக்கிறது, மன்னிக்க வேண்டும்.

பெயர் லட்சுமிகாந்தம். திருத்தங்கலில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் பன்னிரண்டு வருடமாகக் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிறேன். தை பிறந்தால் சீசன் ஓய்ந்துவிடும். அப்படி ஓய்வாக இருந்த 2006இல்தான் இசைக் குறிப்பு எழுதும் மென்பொருள் ஒன்றை இறக்கிப் பழகினேன். அதில் மவுஸால் இழுத்து ஒட்டும் வேலை கிடையாது. எல்லாம் எழுத்துதான். தவிலில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு எழுத்து, பக்கத்தில் அதன் நீளத்துக்கு ஒரு எண். எட்டு என்றால் ஒரு அளவு, பதினாறு என்றால் அதில் பாதி. தாளம் ஒரு சுற்று முடிகிற இடத்தில், அதாவது ஆவர்த்தனம் தீர்கிற இடத்தில், ஒரு செங்குத்துக் கோடு. அளவு கூடினாலோ குறைந்தாலோ அந்தக் கோட்டைச் சொல்லி எச்சரிக்கும். மனிதர்கள் அவ்வளவு ஒழுங்காகப் பேசி நான் கேட்டதில்லை.

வாசித்துக் காட்டியவர் சோலைமலை. எங்கள் தெருக்காரர், பகலில் பட்டாசுக் கம்பெனி வேலை, திருவிழா வந்தால் தவில். நல்ல மனிதர். நாற்பது ஞாயிறு என் வீட்டுக்கு வந்து டேப்பில் பதிந்துகொள்ள வாசித்தார். வலது கையில் கூடு மாட்டிய விரல்கள், இடது கையில் குச்சி. மேல்கோட்டில் விரல், கீழ்க்கோட்டில் குச்சி என்று இரண்டு வருடம் எழுதினேன். எனக்குப் பிள்ளை இல்லை ஐயா. அந்தப் புத்தகம்தான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புரூஃபில் பார்ட்டி கையெழுத்துப் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு தப்பு எங்களுடையது அல்ல. சோலைமலை எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். ஐந்நூறு பிரதி அச்சடித்தோம்.

பங்குனிப் பொங்கலன்று எங்கள் அம்மன் கோயில் மேடையில் வெளியீடு. விருதுநகரிலிருந்து வந்த இசை ஆசிரியர் ஒருவர் புத்தகத்தை மடியில் விரித்து, சோலைமலை வாசிக்க வாசிக்க விரலால் தொடர்ந்து வந்தார். முப்பத்திரண்டாவது ஆவர்த்தனத்தில் விரல் நின்றது. புத்தகத்தை மூடிச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

மேடையை விட்டு இறங்கியதும் சோலைமலையைக் கேட்டேன். "அந்த எடத்துல கை கொஞ்சம் நின்னுதான் போவும் அண்ணாச்சி. நீங்க எழுதுனதுல பிசகு இருக்கும், பாருங்க" என்றார்.

"நீ கையெழுத்துப் போட்டிருக்கியேப்பா."

"நீங்க காட்டுனீக, போட்டேன். எனக்கு அதையெல்லாம் படிக்கத் தெரியுமா?"

இரவெல்லாம் யோசித்தேன். புத்தகம் தைத்து அட்டை ஒட்டியாகிவிட்டது, அது இனி மாறாது. மாறக்கூடியது அவருடைய கை ஒன்றுதான். போகிற ஊரிலெல்லாம் அது என் புத்தகத்தைப் பொய்யாக்கிக்கொண்டிருக்கும். வேறு வழி இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் பகலில் பிரஸ்ஸுக்கு விடுமுறை. தெருவில் வெடி ஓயவில்லை. கொஞ்சம் காகிதம் வெட்ட வேண்டும், ஒத்தாசைக்கு வா என்று கூப்பிட்டேன். உடனே வந்தார். புது கட்டிங் மிஷினில் குறுக்கே கை இருந்தால் கத்தி இறங்காது. எங்களுடையது பழசு. முதலில் இரும்புப் பலகை இறங்கிக் காகிதக் கட்டை அமுக்கும், பிறகுதான் கத்தி. "கட்டை நேராப் பிடிப்பா" என்றேன். இரண்டு கையையும் உள்ளே நீட்டிப் பிடித்தார். பலகையை இறக்கினேன். "அண்ணாச்சி, கை மாட்டிக்கிச்சு" என்றார், என் கவனக்குறைவு என்றே நினைத்து. பிறகு லீவரை இழுத்தேன். எலும்பில் ஒரு தரம் திணறியது. இன்னொரு தரம் இழுக்க வேண்டியிருந்தது. மேலே இருந்த தாள்கள் மட்டும் வீணாயின. அவர் போட்ட சத்தம் வெடிச் சத்தத்தோடு போயிற்று. இரண்டு தோள்துண்டு கொண்டுபோயிருந்தேன், மணிக்கட்டுக்கு மேலே இறுக்கிக் கட்டி, நானேதான் ஆட்டோவில் ஏற்றினேன். கொல்ல நினைக்கவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று நீங்கள் என் கம்ப்யூட்டரை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து அந்தக் கோப்பைத் திறக்கச் சொன்னீர்கள் அல்லவா? அப்போது பார்த்தேன். முப்பத்திரண்டில் எட்டு வர வேண்டிய இடத்தில் பதினாறு அடித்திருக்கிறேன். மென்பொருள் அப்போதே மூன்று தரம் சொன்னது. நச்சரிக்கிறதே என்று அந்தச் செங்குத்துக் கோட்டையும் அதற்குப் பின் வந்த கோடுகளையும் அழித்தேன், பிறகு அது வாயைத் திறக்கவில்லை. சோலைமலை வாசித்ததுதான் சரி.

அதனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை, ஐயா. ஒரே ஒரு எண்தான். அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம்.