எல்லாருக்கும் எழுபத்திரண்டு

உக்காருங்க தம்பி, நாலு நாற்காலி காலியாத்தானே கிடக்கு. உங்க பொண்ணு மாடிக்குத்தானே போயிருக்கா, வர அரை மணி நேரமாவது ஆகும். வரவேற்புல இருந்த பொண்ணு சும்மா சுத்திக் காட்டிட்டு விட்டுடும்னு நினைக்காதீங்க. முதல்ல எலும்புக்கூட்டக் காட்டும், அப்புறம் பொம்மை, கடைசியா ஒரு ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் யூனிஃபார்முக்கு அளவு எடுத்துடும். ஆமா, நீங்க சேக்குறீங்களா இல்லையான்னு சொல்றதுக்கு முன்னாடியே. தொப்பிய ஒரு தடவ தலையில வச்சுக் கண்ணாடி முன்னாடி நிறுத்திட்டா எந்தப் பிள்ள வேண்டாம்னு சொல்லும்? நீங்க கீழ உக்காந்து யோசிச்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

ஐயோ, இல்ல இல்ல. நான் வேற நர்சிங் ஸ்கூலுக்கு ஆள் பிடிக்க வந்தவ இல்ல. நான் நர்சு. இருபத்தெட்டு வருஷமா வார்டுதான். இப்ப ஹெட் நர்சு. நாப்பது கட்டில், மூணு பாத்ரூம், அதுல ஒண்ணுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இன்னைக்கு இங்க ஒரு வேலையா வரச் சொன்னாங்க, கூப்பிடுற வரைக்கும் உக்காந்திருக்கேன்.

கையில என்ன அது, ஸ்கூல் நோட்டீஸா? குடுங்க பாப்போம். அடேயப்பா, பேப்பரே என்ன வழவழப்பு. இந்தப் பொண்ணப் பாருங்க, மைக்ராஸ்கோப்புக்குள்ள எட்டிப் பாத்து சிரிக்குது. எந்த நர்சு தம்பி மைக்ராஸ்கோப்பப் பாக்குது? எங்க கண்ணுல படறதெல்லாம் பெட்பான்தான். அத வச்சு ஒரு போட்டோ போடச் சொல்லுங்களேன், ஒரு அட்மிஷன் வராது. இதோ, நூறு சதவீதம் வேலையாம். அது பொய்யில்ல. ஏதாவது கிளினிக்குல டோக்கன் குடுத்துப் பேரு கூப்பிடுற வேலை கட்டாயம் கிடைக்கும். பேரு கூப்பிடக் கத்துக்க ரெண்டு வருஷம் எதுக்குன்னுதான் எனக்குப் புரியல.

பின்ன எப்படித்தான் ஸ்கூல் பாக்குறதுன்னா, நான் ஒண்ணு சொல்றேன். கட்டடத்தப் பாக்காதீங்க. ஏசி, கண்ணாடிக் கதவு, தொட்டியில பிளாஸ்டிக் செடி, இதெல்லாம் நகைக்கடைக்குப் பாக்க வேண்டியது. படிக்கிற பிள்ளைங்க கையப் பாருங்க. நெசமா வேலை பழகுற பிள்ள ஒரு நாளைக்கு முப்பது தடவ சோப்புப் போடும், விரல் இடுக்கெல்லாம் காஞ்சு வெடிச்சிருக்கும். இங்க படியில இறங்கி வருதுங்களே, எல்லாம் கல்யாணப் பொண்ணு கை. எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புறீங்க, எத்தன நாள், அங்க யாரு கூட நின்னு சொல்லிக் குடுப்பாங்கன்னு கேளுங்க. பெரிய பெரிய ஆஸ்பத்திரியோட ஒப்பந்தம் இருக்கு சார்னு சொல்லுவாங்க. ஒப்பந்தம்னா வேற ஒண்ணுமில்ல, வாசல்ல வரிசையா நிக்க வச்சு ஒரு போட்டோ. அத்தோட வேன் திரும்பிடும்.

லேப் நல்லாருக்குன்னு சொன்னாங்களா? இருக்கும் இருக்கும். ஒரு பொம்மை, அதுக்கு அறுபது பிள்ளைங்க. பொம்மைக்கு மாமான்னு பேரு. மாமாவுக்கு ஊசி போட்டாச்சா, மாமாவுக்கு உடம்பு துடைச்சாச்சான்னு ஒரே குடும்பப் பாசந்தான். மாமாவுக்கு வலது கை கழண்டு போய் பிளாஸ்டர் சுத்தி வச்சிருக்கு, அதனால எல்லாப் பிள்ளையும் இடது கையிலதான் பழகும். சரி, அதாவது போகட்டும். நாடி பாக்கறதுன்னு ஒரு பாடம் இருக்கு தம்பி. மாமா ரப்பரு. ரப்பருக்கு ஏது நாடி? சொல்லிக் குடுக்கிற டீச்சரம்மா யாருன்னா, போன வருஷம் இதே ஸ்கூல்ல படிச்சு முடிச்ச பொண்ணு. அதுக்கும் மாமாவத் தவிர வேற யாரையும் தெரியாது. அது என்ன சொல்லிக் குடுத்திருக்கு தெரியுமா? மணிக்கட்டுல விரல வை, கடிகாரத்தப் பாரு, ஒரு நிமிஷம் நில்லு, எழுபத்திரண்டுன்னு எழுது.

நீங்க சிரிக்கிறீங்க. நானும் சிரிச்சேன்.

ஒருத்தி கைய ஒருத்தி பிடிச்சுப் பாக்கலாமேன்னா, தாராளமா பாக்கலாம். உங்களுக்குத் தோணினது இங்க யாருக்கும் தோணல பாருங்க. கேட்டா வகுப்புல சத்தம் வருமாம். அமைதியா படிச்சுச்சுங்க பிள்ளைங்க, ரொம்ப அமைதியா.

எனக்கு எப்படித் தெரியும்னா, போன மாசம் இந்த ஸ்கூல்லேருந்து முதல் தடவையா நாலு பொண்ணுங்க எங்க வார்டுக்குப் பயிற்சிக்கு வந்துச்சு. அதுல ரெட்டைச் சடை போட்ட ஒண்ணு, நல்ல சமத்து. சொன்னதச் செய்யும், எதுத்துப் பேசாது. அன்னைக்கு எனக்கு ரெண்டு நர்சு லீவு. பத்து கட்டிலுக்கு நாடி மட்டும் பாத்து எழுதும்மான்னு சார்ட்டக் குடுத்தேன். பன்னெண்டு மணிக்கு ஒரு தடவ, ரெண்டு மணிக்கு ஒரு தடவ. நான் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஓடுறப்பல்லாம் பாத்தேன், ஒவ்வொரு கட்டில்கிட்டயும் குறையாம ஒரு நிமிஷம் நின்னுச்சு. விரல் மணிக்கட்டுல, கண்ணு கடிகாரத்துல. பரவாயில்லையே, இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையான்னு நினைச்சேன்.

ரெண்டே கால் மணிக்கு சார்ட்ட வாங்கிப் பாக்குறேன். முதல் கட்டில் எழுபத்திரண்டு. ரெண்டாம் கட்டில் எழுபத்திரண்டு. காய்ச்சல்ல கொதிக்கிற பையனுக்கும் அதுதான், ஆபரேஷன் முடிஞ்சு வந்த அம்மாவுக்கும் அதுதான். பத்து பேருக்கும் எழுபத்திரண்டு. எனக்கு வந்த கோபத்துக்கு அவ காதப் பிடிச்சுத் திருகியிருப்பேன். சரி, நானே பாப்போம்னு ஒவ்வொரு கட்டிலா போனேன். ஒன்பதாம் கட்டில்ல ஒரு பெரியவர், தபால்காரரா இருந்து ரிட்டயர் ஆனவர். மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர். கையத் தொட்டேன், சில்லுன்னு இருந்துச்சு.

ஆமா தம்பி. செத்த மனுஷன் கையப் பிடிச்சு ஒரு நிமிஷம் நின்னு எழுபத்திரண்டுன்னு எழுதிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கா.

அதுகூட எனக்குப் பெருசில்ல. போனவர் போயிட்டார், என்ன எழுதினா என்ன. எனக்குப் பெருசு பன்னெண்டு மணிக்கு எழுதினது. அப்ப அவருக்கு உயிர் இருந்துச்சு. நாடி விட்டு விட்டு அடிச்சுதோ, இறங்கிக்கிட்டே போச்சோ, யாருக்குத் தெரியும்? தெரிஞ்சிருந்தா அந்த நிமிஷமே டாக்டரக் கூப்பிட்டிருப்பேன். பிழைச்சிருப்பாரான்னு கேக்காதீங்க, நான் தினம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

நாலு மணிக்கு அவர் மக வந்துச்சு, மறுநாள் போட்டுக்கிட்டுப் போக சட்டைய இஸ்திரி போட்டு எடுத்துக்கிட்டு. ரெண்டு மணிக்கு நல்லாத்தானே சிஸ்டர் இருந்திருக்கு, எழுபத்திரண்டுன்னு போட்டிருக்குதேன்னு சார்ட்ட என்கிட்டயே காட்டுது. நான் சொன்னேன், திடீர்னு நின்னுடுச்சும்மா, சில பேருக்கு அப்படித்தான்னு. நம்பிடுச்சு. எனக்கு நன்றி வேற சொல்லிட்டுப் போச்சு.

அந்தப் பொண்ணத் தனியா கூப்பிட்டுக் கேட்டேன். அழுகை இல்ல, பயம் இல்ல. நான் தப்பா செய்யலையே சிஸ்டர், கிளாஸ்ல இப்படித்தான் எழுதி முழு மார்க் வாங்கினேன்னு சொன்னா. திருட்டுமுழி முழிச்சிருந்தா ரெண்டு அறை விட்டு அனுப்பியிருப்பேன். அவ உண்மையச் சொல்றா தம்பி. நாடின்னா எழுபத்திரண்டுன்னுதான் அவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கு. சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும், சிலருக்கு நின்னே போயிருக்கும்னு ஒருத்தரும் சொல்லல.

பிரின்சிபாலா? இருக்காங்களே, பிரின்சிபால் இல்லாமலா. அனுபவமுள்ள நர்சு ஒருத்தர் பிரின்சிபாலா இருந்தாத்தான் ஸ்கூல் நடத்த அனுமதியே குடுப்பாங்க. அதனால ஒரு அம்மாவோட சர்டிஃபிகேட்ட வாங்கி ஃபைல்ல வச்சுக்க வேண்டியது. வருஷத்துல ரெண்டு நாள் இன்ஸ்பெக்ஷன் வரும், அன்னைக்கு மட்டும் அந்தம்மாவ வரவழைச்சு நாற்காலியில உக்கார வைக்க வேண்டியது. மத்த நாள்ல அந்த நாற்காலியில ஓனரோட கோட்டு தொங்கும். வந்தவங்க முன்னாடி அந்தம்மா என் பிள்ளைங்க, என் பிள்ளைங்கன்னு உருகும். ஒரு பிள்ளையோட பேரும் தெரியாது. வருஷக் கடைசியில சர்டிஃபிகேட்டெல்லாம் கட்டா கட்டி வீட்டுக்கு வரும், டீவி பாத்துக்கிட்டே கையெழுத்துப் போட்டு அனுப்பிடும்.

வெக்கமா இருக்காதான்னா, முதல் வருஷம் இருந்துச்சு. ஓனரு வேற யாருமில்ல, தங்கச்சி புருஷன். தங்கச்சி வந்து கையப் பிடிச்சுக்கிட்டா. ஒரு வருஷம் மட்டும் அக்கா, வேற ஆள் கிடைக்கிற வரைக்கும், இல்லன்னா நாங்க நடுத்தெருவுலதான்னா. ஆறு வருஷம் ஆச்சு, வேற ஆள் கிடைக்கவே இல்ல.

ஆமா தம்பி, என்னைத்தான் சொல்றேன். மாமாவத் தவிர வேற யாரையும் தெரியாத அந்த டீச்சரம்மாவோட சர்டிஃபிகேட்டுல இருக்கறதும் என் கையெழுத்துதான். ரெட்டைச் சடை அன்னைக்கு என் முன்னாடி நின்னு அவ்வளவு பேசுச்சே, தன்னோட பிரின்சிபால்கிட்டதான் பேசுறோம்னு அதுக்குத் தெரியாது. நானும் சொல்லல.

எழுந்திரிக்காதீங்க, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. இன்ஸ்பெக்ஷன்காரங்க உள்ள ஜூஸ் குடிச்சுக்கிட்டிருக்காங்க. இன்னைக்கு எல்லாத்தையும் அவங்ககிட்ட சொல்லிடணும்னுதான் கிளம்பினேன். பஸ்ல வர்றப்ப தங்கச்சி போன் பண்ணா, அவ மகளுக்கு மாப்பிள்ளை பாத்திருக்காங்களாம், நல்ல இடமாம். அதுக்கப்புறம் வாயே வரல. முன்னபின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட முதல்ல சொல்லிப் பாப்போம், வாய் வருதான்னு நினைச்சேன். நீங்க வந்து உக்காந்தீங்க.

வந்துடுச்சுல்ல? பாதியில நிறுத்தாம சொல்லிட்டேன்ல?

உங்க பொண்ணு வந்தா கூட்டிட்டுக் கிளம்புங்க. அதோ கதவத் திறந்துக்கிட்டு வர்றாரே, அவர்தான் ஓனரு. உங்களப் பாத்துக் கும்பிடுவாரு, பிரின்சிபால் மேடத்துக்கிட்ட ஒரு வார்த்த பேசிட்டீங்களா சார்னு கேப்பாரு. பேசிட்டேன்னு சொல்லுங்க.