நாற்பது மீட்டர் கயிறு

கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். இது நம் எர்னானின் பெரியப்பா மகள் எலியானாவுக்கு நடந்தது. அவனிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்…

பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? பிற்பகல் மூன்றே கால். வல்பரைசோ நகரத்தில், மலை உச்சியில் முடிந்துபோகிற மண் சாலை. ஆளரவம் இல்லை. யூகலிப்டஸ் காடு எரிந்து, தொண்டையில் தைலம்போல இறங்கியது புகை. சாலையின் கடைசியில் ஒரே ஒரு தகரக் கூரை வீடு. அதற்கப்புறம் பள்ளம்தான்.

எலியானாவும் அவள் தம்பி நிபால்டோவும் தொண்டர் தீயணைப்புப் படையில் இருந்தார்கள். சம்பளம் கிடையாது. சைரன் ஊதினால் போட்டது போட்டபடி ஓட வேண்டும். அன்று எலியானா அழகு நிலையத்தில் ஒருத்தியின் பாதித் தலைக்குச் சாயம் பூசிவிட்டு ஓடி வந்திருந்தாள்.

வீட்டுக்குள் ஒரு கிழவர் இருப்பதாகப் படையில் யாரோ கத்தினார்கள். தண்ணீர் வண்டி வரவில்லை. நிபால்டோ காற்று உருளையை முதுகில் ஏற்றி, முகமூடியை மாட்டி, இடுப்புக் கொக்கியில் நாற்பது மீட்டர் கயிற்றைக் கோத்தான். மறுமுனை எலியானாவின் கையில், மீதிச் சுருள் அவள் தோள்பையில்.

"அக்கா, கயிறைப் பிடி. வேடிக்கை பாத்துட்டு நிக்காத!"

"போடா. கிழவரைக் கூட்டிட்டு வா, அப்புறம் வாயாடு."

புகைக்குள் குரல் எடுபடாது. கயிறுதான் பேசும். சனிக்கிழமை தோறும் கண்ணைக் கட்டிக்கொண்டு பழகியது. ஒரு இழுப்பு, நலம். இரண்டு, இன்னும் கயிறு விட்டுக்கொடு. நான்கு… காப்பாற்று.

கூரையிலிருந்து ஏதோ உள்ளே விழுந்தது. டங்.

அவள் பதறி ஒருமுறை இழுத்துக் கேட்டாள்.

ஒரு இழுப்பு வந்தது. அப்பாடா.

பிறகு இரண்டு. விட்டாள். மீண்டும் இரண்டு. விட்டாள்.

ஆறு நிமிடம் ஆனது. படையின் கேப்டன் ஒசோரியோ தன் முகமூடியைக் கையில் எடுத்தார்.

"ரொம்ப நேரமாச்சும்மா. நான் உள்ள போறேன்."

"வேண்டாம் கேப்டன். இப்பதான் இழுத்தான், நல்லாத்தான் இருக்கான். நீங்க போனா ரெண்டு கயிறும் சிக்கிக்கும்."

அவள் சொன்னது பயிற்சிப்படி சரிதான். அவரும் நின்றுவிட்டார். அந்த ஒரு வார்த்தையை நினைத்து அவள் பிறகு சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாளாம்.

மீண்டும் இரண்டு. பைக்குள் கை விட்டாள்… பை காலி. நாற்பது மீட்டரும் உள்ளே போயிருந்தது. அவள் வீட்டை ஏறிட்டுப் பார்த்தாள். முன்வாசலிலிருந்து பின்சுவர் வரை பத்து மீட்டர்கூடத் தேறாது.

"கேப்டன்!" என்று அலறினாள். "தம்பி எங்க போறான்?"

அதற்குள் பாதிக் கூரை இறங்கியது. கேப்டன் பாய்ந்து உள்ளே போனார். தேடவே வேண்டியிருக்கவில்லை. வாசலிலிருந்து இரண்டே எட்டில் கிடந்தான் நிபால்டோ, முதுகின் மேல் உத்தரம். இழுத்து வந்து அவள் காலடியில் கிடத்தினார்கள். உயிர் இல்லை. காற்று உருளையின் அளவு முள் அநேகமாக நிறைவில் நின்றது. போன வேகத்திலேயே விழுந்திருக்கிறான். இடுப்புக் கொக்கியில் ஒரு முழக் கயிறுதான், நுனி கருகி அறுந்து.

வீட்டில் கிழவரும் இல்லை. அவர் காலையிலேயே மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம்.

எலியானா உட்கார்ந்து தம்பியின் தலையை மடியில் வைத்து முகத்தைத் துடைத்தாள். "எழுந்திருடா… டேய், அக்காடா…" ஒரு கையால்தான் துடைத்தாள். மறு கையில் சுற்றியிருந்த கயிறு இன்னும் விறைப்பாக வாசலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் இழுப்பு வந்தது.

ஒன்று… இரண்டு… மூன்று… நான்கு.

அவள் மடியில் கிடந்தவனைப் பார்த்தாள். எரிகிற வாசலைப் பார்த்தாள். பிறகு தம்பியின் தலையைத் தரையில் மெல்ல இறக்கிவிட்டு, முகமூடி இல்லாமல் வாசலை நோக்கி எழுந்தாள். "கூப்பிடுறான் கேப்டன், என்னை விடுங்க!"

ஒசோரியோ அவளை இடுப்போடு கட்டிப் பிடித்தார். கத்தியை எடுத்து, அவள் கைக்கருகே கயிற்றை அறுத்தார்.

அறுந்த முனை சுண்டிக்கொண்டு ஓடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஓடவில்லை. சாம்பலில் கோடு போட்டபடி வாசலுக்குள் போனது… ஓர் ஆள் நடந்து போகிற வேகத்தில்.