வளரவுடாத மருந்து

...நீயே சொல்லு நைனா, இந்த இட்லில இன்னா கொற? புட்டுப் பாரு. புளிப்பு கீதா? கல்லு கீதா? ஒண்ணும் இல்லல்ல? அப்பால ஏன் ஒரு பயலும் வர மாட்டேன்றான்? போன வர்சம் இந்நேரத்துக்கு வந்திருந்தின்னா உனுக்குக் குந்த எடம் கெடச்சிருக்காது. ஹார்பருக்குப் போற கண்டெய்னர் வண்டி மொத்தமும் திருவொத்தியூர் வரிக்கும் வரிசயா நிக்கும், அத்தினி டிரைவருக்கும் நாஷ்டா இந்தக் கெங்கம்மா கடதான். இன்னிக்கிப் பாரு, நீ ஒர்த்தன் குந்திகினு கீற. அதுவும் ஊருக்குப் புச்சு. நாமக்கல்லா? மூஞ்சப் பாத்தாலே தெரீது. குந்து, குந்து, வண்டி வரிசை இப்போதிக்கு நவுராது.

எல்லாம் அந்தக் கரப்பானால வந்த பேஜாரு நைனா.

அய்ய, ஏன் கைய எட்த்துட்ட? துன்னு, துன்னு! இப்ப ஒண்ணுகூட இல்ல. சத்தியமா இல்ல! அடுப்பாண்ட பாரு, மாவுக் குண்டானாண்ட பாரு. அப்ப கீதே... லைட்டப் போட்டா செவுரே நவுரும். தேங்காயத் திருவி வெச்சிட்டு அந்தாண்ட திரும்பனா, மேல குந்திகினு மீசய ஆட்டிகினு நிக்கும். ஊட்டுக்காரன் மாதிரி! அய்ய, அது அப்போ சொல்றேன். இந்தச் சட்னி இப்ப அரச்சது. ஊத்திக்க, ரவ ஊத்திக்க.

நா இன்னா பண்ல சொல்லு. சாக்பீசு போட்டேன், புஸ்ஸுன்னு அடிக்கிற டப்பா வாங்கனேன், வேப்பெல பொக போட்டேன். அந்தப் பொகயில நான்தான் இருமிக்கினே வெளிய ஓடியாந்தேன், அதுங்க உள்ள சொகமா கீதுங்க. அப்பதான் ஜெயவேலு வந்தான். கொருக்குப்பேட்டை குடோனுக்கெல்லாம் பூச்சி மருந்து அடிக்கிறவன். ஒரு குயாய வெச்சி பலகைக்கு அடில, அலமாரி சந்துல, ரவ ரவ பீச்சிட்டு, அவ்ளோதான்க்கான்னு கெளம்பறான். நா தொடப்பத்தக் கையில புட்சிகினு குந்திகினு கீறேன், எல்லாம் மல்லாந்துடும்னு. ஒண்ணு சாவல நைனா! அதும்பாட்டுக்கு ஒலாத்திகினு கீது! அடேய் பேமானி, யாராண்ட டபாய்க்கிறன்னு சட்டயப் புட்சிட்டேன். அவன் சிரிக்கிறான். இது கொல்ற மருந்து இல்லக்கா, வளரவுடாத மருந்துன்றான்.

கேளு நைனா, படா ஜோரான விசியம். பூச்சிக்கு ஒடம்புமேல கீறது சட்ட மாதிரியாம். பெர்சாவ பெர்சாவ அந்தச் சட்ட பத்தாது. கயட்டிப் போட்டுட்டு புச்சு மாட்டிக்கும். அது ஒடம்புக்குள்ள ஒரு சத்து ஊறிக்கினே கீதாம். "நீ கொயந்த, நீ கொயந்த"ன்னு சொல்லிகினே கீதாம். அந்தச் சத்து எப்ப நிக்குதோ, அப்பதான் கடேசி சட்டய உரிச்சிட்டு, றெக்க மொளச்சி பெரிய மன்சனாவும். நம்ம ஜெயவேலு மருந்து கீதே, அது அதே சத்து மாதிரி டூப்பு! கரப்பான் வயசுக்கு வரப்போவ சொல்ல, மருந்து உள்ள பூந்து "டேய், நீ இன்னும் கொயந்தடா"ன்னுது. பூச்சி கொயம்பிடுது. நானு பெர்சா, சின்னதான்னு அதுக்கே தெர்ல!

என் புள்ள ரஞ்சித்து கீறான், முப்பது ஆவப்போது, இன்னும் "எம்மா, என் சொக்கா எங்க"ன்னு நிக்கிறான். அவனுக்கு மருந்து நீதான்க்கான்றான் அந்த ஜெயவேலு. வாய்க் கொயுப்பப் பாத்தியா?

சிரிக்க மாட்டியா நைனா? சரி, இன்னொரு இட்லி வெக்கிறேன். வோணாவா? ஒண்ணே ஒண்ணு, பொடி அந்தப் பாட்டில்ல கீது, கொட்டிக்க. ஆங்.

அப்பால தான் ஷோவே. போன போகிக்கு வெள்ளகூட அடிக்கல நானு, மருந்து பூடும்னு. ஏரியாவே சுண்ணாம்பு அடிக்குது, என் செவுரு மட்டும் கலீஜா நிக்கிது. ஆனா உள்ள பாரு! சட்ட பாதி கயண்டு, பாதி காலுல மாட்டிகினு, ஒண்ணு இஸ்துகினு போவுது. ஒண்ணு வெள்ளயா, பசபசன்னு, வெளிய வரவும் முடியாம உள்ள போவவும் முடியாம... தண்ணி குடி நைனா, இட்லி தொண்டையில நிக்கப் போது. றெக்க மொளச்சது கீதே, அது ரெண்டு பக்கமும் முறுக்கிகினு சுருண்டு கீது. ஜோடி சேருது, ஆனா குஞ்சு பொரிக்கல. பெர்சுங்க வயசாயி ஒண்ணொண்ணா சட்னி சட்டியாண்ட வந்து வியுந்துச்சி. புச்சா ஒண்ணு வர்ல! வம்சமே நாஸ்தி! அன்னிக்கி இந்த அடுப்பாண்ட நின்னு நா ஆடுனேன் பாரு ஒரு ஆட்டம்! சந்தோசம் தாங்கல நைனா, அயுதுட்டேன்.

இத்த ஜனத்தாண்ட சொல்ல வோணாவா? இவ கட சுத்தமான கடன்னு தெரிய வோணாவா? அதான், தட்ட வெச்ச கையோட, மொத வாய் வெக்கிறதுக்குள்ள, ஒர்த்தன் பாக்கி இல்லாம முயுக் கதையும் சொல்றேன். அப்பவும் வர மாட்டேன்றாங்க! எல்லாம் எதுத்தாப்ல, அந்த ஷரீஃபுன்னிசா ஆப்பக் கடயில போயி குந்திகினு கீறானுங்க. அவ வாயே தொறக்க மாட்டா. எனுக்கு வயிறு எரீது நைனா. வர்ற பொங்கலுக்குள்ள யாவாரம் ஆவலன்னா கடய எட்த்துடு, எங்கனா பாத்தரம் தேய்க்கப் போன்றான் ரஞ்சித்து. எத்தினி வர்சம் நின்ன எடம் இது!

நம்பலயா நீ? மூஞ்சி ஏன் அப்டி போவுது? இரு, கண்ணாலயே காட்றேன். செத்த பூச்சியெல்லாம் ஜெயவேலு தூக்கிப் போடச் சொன்னான், நானு பொறுக்கி காய வெச்சி பாட்டில்ல போட்டு வெச்சிகிறேன். சும்மா வார்த்தையில சொன்னா எவன் நம்புவான்? தோ, இட்லிப்பொடி பாட்டில் பக்கத்துல... இது பொடி. இல்ல, இது அது. ரெண்டும் ஒரே மாரி ஹார்லிக்ஸ் பாட்டிலு, கண்ணாடி வேற எங்கியோ வெச்சிட்டேன்... நீ எதுலந்து கொட்டிகின?

அய்ய, எழுந்துக்காத! மோந்து பாக்கறேன் இரு... ஆங், பொடிதான், பொடிதான்! நைனா! கை கயுவ இந்தாண்ட! ரோட்டாண்ட ஏன் ஓடறான் இவன், வண்டி வரிசயே நவுரல... தட்டுல பாதி கீது! நைனா!

...பூட்டான்.

இன்னா கெரகம்டா இது. பூச்சி கீறப்போ கூட்டம் ரோடு வரிக்கும் நின்னுச்சி. பூச்சி போவ சொல்ல, ஜனமும் கூடவே பூடுச்சி. இந்த ஜெயவேலு வரட்டும், கேக்கறேன். அந்த மருந்து மன்சனுக்கும் வேல செய்துபோல!