தூளியில் தூங்கிய குழந்தை

எழுபதுகளில் ஒருநாள், விருத்தாசலத்திலிருந்து பெண்ணாடம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நீ மேல பொரண்டு படுத்து புள்ளயக் கொன்னுட்டேன்னு உன் மாமியா ஊரெல்லாம் சொல்லுது. புள்ள தூளியில தூங்குச்சு. நீ கொல்லையில துணி தொவச்சிக்கிட்டு இருந்த. எப்பிடிடி பொரளுவ?” அக்கா கோபமாகக் கேட்டாள்.

“மூஞ்சிய மூடல, காய்ச்சலும் இல்ல. தூக்கத்துலயே போயிருக்குது, ஏன்னு எங்களுக்கே தெரியலன்னு டாக்டரம்மா சொன்னாங்க. யாரு மேலயும் தப்பில்லியாம்.”

“அத அங்க சொல்ல வேண்டியதுதான?”

“தூளிய ஆட்டிக்கிட்டு இருந்தது அத்ததான். நான் வாயத் தொறந்தா பழி அவங்க மேல விழும்.”

“உன் மேல விழலாமா? எறங்குனதும் மொதல்ல அந்த வூட்டுக்குத்தான் போறோம். நீ சொல்லலன்னா நான் சொல்றேன்.”

தங்கை அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.