இடது பக்க இருக்கை

இந்த வண்டியைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது மைலேஜ்தான், மேடம். கதவு இறக்கை மாதிரி மேலே எழும்பித் திறக்கும். மாம்பழ மஞ்சள் நிறம். தரையோடு ஒட்டிக் கிடக்கிற வண்டி. அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கண்ணாடியில் மூக்கை அழுத்தி உள்ளே பார்த்துவிட்டு, "சார், லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?" என்பார்கள். உள்ளதைச் சொல்வேன். சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும்.

உட்காரச் சொன்னதற்கு நன்றி. ஆறிப்போனாலும் பரவாயில்லை, டீ போதும்.

என் பெயர் ரெங்கராஜ். துவாக்குடியில் அப்பா நடத்திய பாய்லர் உதிரிபாகக் கம்பெனியை சித்தப்பா பிள்ளைகளிடம் விட்டுவிட்டு ஒதுங்கியவன். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் ஃபிளாட். என் மகள் ரேஷ்மா மெல்போர்னில் இருக்கிறாள். அவளுக்குப் பிரசவம் பார்க்கப் போன என் மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. போகப் போக, திரும்பி வருவதைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. சில நாட்களில் வாட்ச்மேனிடம் 'லிஃப்ட் வேலை செய்யுதா' என்று கேட்பதுதான் நான் பேசுகிற ஒரே வாக்கியமாக இருக்கும். லிஃப்ட் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்பேன்.

அப்போதுதான் இந்த வண்டியை வாங்கினேன். பெங்களூரில் ஒருவர் ஓட்டிவிட்டு விற்றது. எனக்கு வண்டிப் பைத்தியம் எல்லாம் கிடையாது. ஓட்டிக்கொண்டு வரும் வழியில் கிருஷ்ணகிரியில் டீ குடிக்க நின்றேன். ஐந்து நிமிஷத்தில் ஒரு கூட்டம் என்னிடம் பேசிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, இத்தனை நாள் எனக்கு என்ன குறை என்று.

அதன்பிறகு வெளியே போவதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. தெற்கு கோபுரத்துக்கு எதிரே நிறுத்தினால், மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய பஸ் கூட்டம் பெருமாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் வண்டியைப் படம் எடுக்கும். "சார், ஒரே ஒரு செல்ஃபி" என்பார்கள். நான் பக்கத்தில் போய் நிற்பேன். "இல்ல சார், கொஞ்சம் தள்ளிக்கோங்க, வண்டி மறைக்குது" என்பார்கள். தள்ளிக்கொள்வேன். அதிலொன்றும் தப்பில்லை. அவர்கள் என்னைத் தெரிந்துகொண்டு வரவில்லையே.

அற்புதசாமி மட்டும் அப்படி இல்லை.

தென்னூரில் ஒரு காபிக் கடை வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நிறுத்துவேன். அவர் சர்ச்சில் பூசை முடிந்து வந்துகொண்டிருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வண்டியைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மியூசியத்தில் நிற்பவரைப் போல நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "சார், உங்க பேரு என்ன?" என்று கேட்டார்.

யோசித்துப் பாருங்கள், மேடம். எத்தனையோ பேர் வண்டியின் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். என் பெயரைக் கேட்ட முதல் ஆள் அவர்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி ஆபீசில் வேலை. மேலப்புதூரில் வீடு. மனைவி இருதயமேரி டீச்சர். பிள்ளைகள் இல்லை. அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும். சினேகிதர் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்தால், "இவர்தான் நான் சொன்ன ரெங்கராஜ் சார்" என்பார். வண்டியை அதற்குப் பிறகுதான் காட்டுவார். ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். நண்டுக் குழம்பு. "கூச்சப்படாதீங்கண்ணே, கையால ஒடச்சுச் சாப்பிடுங்க" என்றது அந்தப் பெண். அண்ணே என்றது. வீட்டுக்கு வந்து கை கழுவினேன். வாசனை போய்விடக் கூடாதே என்று சோப்பு போடவில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு நடந்ததை மட்டும் கேட்டால் என்னைத் தவறாக நினைத்துவிடுவீர்கள்.

தில்லைநகரில் லக்ஷ்மணன் என்று ஒரு தோல் டாக்டர். வயது குறைவு. பச்சை நிறத்தில் புதிதாக ஒன்று வாங்கினார். என் வண்டியைவிட வேகம், சத்தமும் அதிகம். ஒரு ஞாயிறு அதே காபிக் கடைக்கு வந்து, என் வண்டிக்கு அடுத்து நிறுத்தினார். கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. அது இயல்புதான். எனக்கு வருத்தமில்லை. அற்புதசாமியும் போனார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு டாக்டரிடம், "சார், உங்க பேரு என்ன?" என்றார்.

அதே குரல், மேடம். அதே பணிவு.

மறுவாரம் டாக்டர் அவரைத் தஞ்சாவூர் ரோட்டில் ஒரு ரவுண்டு கூட்டிப்போனார். திரும்பி வந்தவருக்குக் கண் கலங்கியிருந்தது. "பறக்குது சார். வயித்துல ஏதோ பண்ணுது. நம்ம வண்டி சாதுவான வண்டி, இது வேற ஜாதி" என்று என்னிடமே சொன்னார். மனதில் கள்ளமில்லாத மனிதர். அதற்கடுத்த வாரம் டாக்டர் எட்டரைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே என்னோடு காபி குடித்தார்.

நான் கோபப்படவில்லை. கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். வண்டியோடு கொடுத்த புத்தகத்தை அதுவரை நான் பிரித்ததே இல்லை. படித்தேன். மோதினால் உப்பி ஆளைத் தாங்குமே, அந்த ஏர்பேக், இடது பக்க இருக்கைக்கு முன்னால் இருப்பதை மட்டும் சாவி போட்டு அணைத்துவைக்கலாம். குழந்தை இருக்கை மாட்டுகிறவர்களுக்காக அந்த வசதி. எனக்கு அது தெரியாது. நல்ல புத்தகம்.

"அற்புதம், மண்ணச்சநல்லூர் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரலாமா? உங்கள ஒழுங்கா கூட்டிட்டே போனதில்லையே" என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். உட்கார்ந்ததும் பெல்ட்டைத் தேடினார்.

"பெல்ட் போட்டுக்கவா சார்?"

"எதுக்கு? பக்கத்துலதான போறோம். சட்டை கசங்கிடும்."

"அதுவும் சரிதான். பதினோரு மணிக்கு ஒரு ஞானஸ்நானத்துக்குப் போகணும்" என்று விட்டுவிட்டார்.

கொள்ளிடம் பாலம் தாண்டினோம். ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியை இறக்கி, எதிரே வருகிறவர்கள் எங்களைத் திரும்பிப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு வந்தார். "எல்லாரும் நம்மளத்தான் பாக்குறாங்க சார்" என்றார். நம்மை என்றார். அந்த இடத்திலேயே திரும்பியிருக்கலாமோ என்று பின்னால் ஒருமுறை நினைத்தேன். ஆனால் மணி எட்டேகால் ஆகியிருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஓர் அரிசி ஆலைக்கு வெளியே நெல் லோடு லாரி ஓரங்கட்டி நின்றது. டிரைவர் உள்ளே இல்லை, அதைப் பார்த்துக்கொண்டேன். வண்டியின் இடது பாதியை மட்டும் அதன் பின்மூலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிக வேகமில்லை. எனக்கு மணிக்கட்டில் சின்ன முறிவு.

நாய் குறுக்கே வந்தது என்று அன்றைக்கு உங்கள் ஆட்களிடம் எழுதிக் கொடுத்தேன். நாய் எதுவும் வரவில்லை.

ஆலையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஓடிவந்த வேகத்தில் போனை எடுத்தார்கள். அற்புதசாமி முனகிக்கொண்டிருந்தார். ஒருவர் என் பக்கம் குனிந்து, "அய்யோ, என்ன வண்டிங்க இது?" என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும்.

கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, மேடம். அதை அழுத்தமாகக் குறித்துக்கொள்ளுங்கள். செத்துப்போன மனிதரை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க முடியாது.

இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வில்லை என்றார்கள். ஆஸ்பத்திரியில் நானேதான் கூடவே இருந்தேன். வீட்டுக்கு வந்தபிறகும் தினமும் போனேன். ஜன்னலோரம் கட்டில். வண்டியைச் சரிசெய்து வாங்கி, அந்த ஜன்னலுக்கு நேராகத்தான் நிறுத்துவேன், படுத்தபடியே பார்க்கலாம். ஷேவ் செய்துவிடுவேன். தலை வாரிவிடுவேன். டாக்டர் லக்ஷ்மணன் ஒரே ஒருமுறை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். உட்காரக்கூட இல்லை. யார் உண்மையான சினேகிதன் என்பது இப்படிப்பட்ட நேரத்தில்தான் தெரியும். "நீங்க இல்லன்னா நாங்க என்ன ஆகியிருப்போம்ண்ணே" என்று இருதயமேரி கையைப் பிடித்துக்கொண்டு அழுதது.

ஒரு தடவை அவர் கேட்டார்.

"சார், அன்னிக்கு நாய் வந்துச்சா?"

"வந்துச்சே அற்புதம். நீங்க பாக்கல?"

கண்ணை மூடிக்கொண்டார். அதிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை. ரொம்ப நெருங்கிவிட்டால் அப்படித்தான், பேச்சுத் தேவைப்படாது. கட்டிலைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடச் சொல்லியிருக்கிறார். வெயில் கண்ணில் அடிக்கிறது போலிருக்கிறது. ஷேவ் செய்யும்போது அவருடைய தாடை லேசாக நடுங்கும். நரம்புத் தளர்ச்சி.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நேற்று போனபோது வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். தூத்துக்குடியில் இருதயமேரியின் தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறார்களாம்.

"இங்கயே நல்லாத்தானம்மா இருக்கு. எதுக்கு இப்ப?" என்றேன்.

அது என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவர்தான் கேக்குறாருண்ணே. தினமும் ராத்திரி அதையேதான் சொல்றாரு. எங்கயாச்சும் போயிடலாம் மேரின்னு."

நோயாளி அப்படித்தான் எதையாவது சொல்வார். வீட்டில் இருக்கிறவர்கள்தான் எடுத்துச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அது தெரியவில்லை. கட்டிலருகே போய் நின்றேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூக்கம் என்று நினைத்து எழுப்பவில்லை. கண் இமை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அங்கிருந்து நேராக வக்கீலிடம் போனேன். எனக்காக இல்லை, ஒரு சினேகிதனுக்காகக் கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் விசாரித்தேன். இன்று உங்களிடம் வந்திருக்கிறேன். வாசலில் உங்கள் கான்ஸ்டபிள் கனி வண்டியைப் பார்த்துவிட்டு மைலேஜ் கேட்டார். பெயர்ப் பலகையில் உங்கள் பெயரைப் படித்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன். சித்ராதேவி. நல்ல பெயர்.

நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சாவி, பெல்ட், லாரி, எதையும் விட வேண்டாம். வண்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இனி அது வேண்டாம். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு ஜட்ஜுக்கு முன்னால் இதையெல்லாம் மறுத்துவிடுவேன். தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள். மறுத்தால்தான் விசாரணை நடக்கும் என்றார் வக்கீல். விசாரணை என்றால் திருச்சி கோர்ட்டில்தான். வாய்தா மேல் வாய்தா போகும், வருஷக்கணக்கில் இழுக்கும். வண்டியில் கூட இருந்த ஒரே சாட்சி அவர். சம்மன் போனால் தூத்துக்குடியிலிருந்தாலும் வந்துதானே ஆக வேண்டும்? அவ்வளவு தூரம் ஒவ்வொரு தடவையும் எப்படி அலைவார்கள், பேசாமல் இங்கேயே இருந்துவிடலாம் என்று அந்தப் பெண்ணுக்கே தோன்றிவிடும்.

கோர்ட்டில் அவர் கட்டிலை என் கூண்டுக்கு நேரெதிரே போடச் சொல்லுங்கள், மேடம். பாவம், என்னை விட்டால் அந்த மனிதருக்கு யார் இருக்கிறார்கள்?