கடைசிப் பதினாறு பக்கம்

காலை நாலே முக்கால் மணி. இரண்டாயிரத்து ஒன்பது, டிசம்பர் மாசம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோடு. பெரியப்பட்டு தாண்டியாயிற்று. முன்னால் ஒரு வண்டி இல்லை, பின்னால் ஒரு வண்டி இல்லை. இரண்டு பக்கமும் புளியமரம்... பனி இறங்கி ரோடெல்லாம் ஈரம். அதில் ஒரு பொம்பளை தன்னந்தனியாக ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருக்கிறாள்.

கொளஞ்சி, இப்போதே சிரிக்காதே. கரண்ட் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் கிடக்கிறது. அதற்குள் யார் சிரிக்கிறார்கள், யார் பக்கத்தில் இருப்பவன் கையைப் பிடிக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். மொட்டை மாடியை விட்டுக் கீழே போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள். பாதியில் எழுந்து போனால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அந்தப் பொம்பளை பெயர் ஜான்சி. என் கூட்டாளி ராபர்ட்டின் கூடப் பிறந்த அக்கா. கடலூர் ஓ.டி.யில், அதுதான் ஓல்டு டவுனில், ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிக்கிற வேலை. வீட்டுக்காரர் மஸ்கட்டில். தனியாகத்தான் இருந்தாள். வேலை முடிந்து வந்து, சமைத்து, சாப்பிட்டு, அப்புறம் உட்கார்ந்து எழுதுவாள். இரண்டு வருஷம் எழுதி ஒரு பேய் நாவலை முடித்தாள். கதையில் வருகிறவள் பெயர் பட்டம்மாள். பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டப் போய்விட்டு, கொட்டுகிற மழையில் ராத்திரி வீடு திரும்புகிறாள். காலையில் ஏதோ சண்டை. அந்தக் கோபத்தில் வீட்டில் யாரும் கதவைத் திறக்கவில்லை. தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, கதவில் சாய்ந்தபடியே செத்துப்போகிறாள். அதற்கப்புறமும் தினம் வந்து தட்டுகிறாள். கடைசிப் பக்கத்தில், வீட்டின் சின்ன மருமகள் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. பட்டம்மாள் என்று யாரும் இருந்ததில்லை, சுத்தமாகக் கற்பனை என்று அக்கா சத்தியம் பண்ணினாள்.

இப்போது அதைப் புத்தகமாகப் போட வேண்டுமே... நம் ஊரில் நிலத்துக்கு புரோக்கர் இருக்கிறான், கல்யாணத்துக்கு இருக்கிறான், பழைய டிராக்டருக்குக் கூட இருக்கிறான். நாவல் எழுதினவளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பதிப்பகத்தில் உட்கார வைக்க ஓர் ஆள் கிடையாது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் போட்டு, கூரியரில் மெட்ராசுக்கு அனுப்பினாள். ஓர் இடத்திலிருந்து பதிலே இல்லை. இன்னோர் இடத்தில், லேடீஸ் எழுதினால் சமையல் புத்தகம் நன்றாகப் போகும் என்று அறிவுரை சொன்னார்கள். புத்தகக் கண்காட்சி ஒன்றில் ஸ்டால் போட்டிருந்தவர் முதல் பக்கத்தைக் கூடப் புரட்டாமல், உங்கள் வீட்டில் இதையெல்லாம் அனுமதிக்கிறார்களா என்று கேட்டாராம். அக்கா அந்த ஸ்டாலிலேயே நின்று, நாவல் முழுக்கப் படித்துவிட்டுக் கேளுங்கள் என்று சொல்லி, சாயங்காலம் வரை நகரவில்லை. அவர் கடையை மூடிவிட்டுத்தான் தப்பித்தார்.

சர்ச்சில் பாஸ்டர் கூப்பிட்டு, கடைசியில் ஜெபத்தில் பேய் ஓடியதாக மாற்று, நானே பத்து காப்பி வாங்குகிறேன் என்றார். மாட்டேன் என்றுவிட்டாள். அந்தக் கதவைத் திறப்பதற்காகத்தான் நாவலே எழுதினேன், அதை மாற்றினால் மீதி எதற்கு என்று ராபர்ட்டிடம் சண்டை போட்டிருக்கிறாள்.

கடைசியாக சிதம்பரத்தில் ஓர் ஆள் ஒத்துக்கொண்டார். கலியமூர்த்தி. மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பிரஸ் வைத்திருந்தார். பஞ்சாங்கம், கல்யாணப் பத்திரிகை, நடுநடுவே மாச நாவல். நல்ல மனுஷன்தான். குறை சொல்லக் கூடாது. ஒரே ஒரு கடிதத்தில் கையெழுத்து கேட்டார். எல்லாரும் போடுவதுதான் என்றார். அக்கா சந்தோஷத்தில் படிக்காமல் போட்டுவிட்டாள். அதில், முடிவை மாற்றும் உரிமை பதிப்பாளருக்கு உண்டு என்று ஒரு வரி இருந்தது.

புரூஃப் வந்தது. கடைசி ஃபாரம் மட்டும் இல்லை. ஃபாரம் என்றால் ஒரே தாளில் அடிக்கிற பதினாறு பக்கம். கேட்டதற்கு, அப்புறம் வரும் என்றார். வரவே இல்லை. பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், அங்கே டைப் செட்டிங் பண்ணுகிற பவானி என்கிற பெண் ரகசியமாக போன் பண்ணினாள்.

"அக்கா, கடைசில பட்டம்மா முடிய புளியமரத்துல வச்சி ஆணி அடிக்கிறாங்களே, அது நீங்க எழுதனதா? காலைல ஆறு மணிக்கு மெஷின் ஏறுது."

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பேய் பிடித்தவர்களைக் கூட்டிப்போய், தலைமுடியில் ஒரு கொத்தை மரத்தில் வைத்து ஆணி அடித்துவிட்டால் பேய் மரத்தோடு நின்றுவிடும். கலியமூர்த்தி தானே உட்கார்ந்து அப்படி ஒரு முடிவை எழுதிச் சேர்த்துவிட்டார். அக்கா உடனே அவருக்கு போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப். விடிய விடியப் போட்டுப் பார்த்தாள். நாலு மணிக்கு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டாள்.

அதுதான் அந்த நாலே முக்கால்.

முதலில் வாசனை. கரும்புச் சோகை, அந்தக் காய்ந்த இலை, எரிந்து அணைந்தால் ஒரு வாடை வருமே... அது. அந்தப் பக்கம் கரும்பே கிடையாது. அப்புறம் சத்தம். டக்... டக்... டக்... மூன்று தடவை, நிறுத்தி நிறுத்தி. இரும்பில் இரும்பு விழுகிற சத்தம். லைட் வெளிச்சத்தில் ஒரு புளியமரம். அதன் அடியில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். தலை மரத்தோடு ஒட்டி, கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு... முடியைப் பின்னாலிருந்து யாரோ பிடித்திருப்பது போல. புடவை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அன்றைக்கு மழை இல்லை.

வண்டி தானாக நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். வண்டி நன்றாகத்தான் ஓடியது. அக்காதான் பிரேக் போட்டாள். பயந்துபோய்த்தான், சும்மா சொல்லவில்லை, அவளே ஒத்துக்கொண்டாள். பட்டம்மாளுக்குப் பச்சைக்கரைப் புடவை, வலது முழங்கையில் தழும்பு என்று நாவலில் எழுதியிருக்கிறாள், எல்லாம் அப்படியே இருந்தது. மூஞ்சி எப்படி இருக்கும் என்று மட்டும் இருநூறு பக்கத்தில் எங்கேயும் எழுதவில்லை. இப்போது மூஞ்சி இருந்தது. எப்படி இருந்தது என்று ராபர்ட் எத்தனையோ தடவை கேட்டுவிட்டான். சொல்ல மாட்டேன் என்கிறாள்.

அப்புறம் அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"ஆணி அடிச்சது நான் இல்ல. அடிச்சவன் எடத்துக்குத்தான் போறேன். ஏறு."

இவ்வளவுதான் சொன்னாள். ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் இறங்கியது. முதுகு சில்லென்று ஆனது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, சிதம்பரம் போகிற வரைக்கும் அந்தச் சில்லிப்பு முதுகை விட்டு நகரவில்லை.

பிரஸ்ஸில் ஷட்டர் பாதி திறந்திருந்தது. கலியமூர்த்தி பல் விளக்கிக்கொண்டு நின்றார். மெஷின்மேன் இன்னும் வரவில்லை. அக்கா குனிந்து உள்ளே போனாள். கடைசி ஃபாரத்தை எடுங்கள், நான் எழுதினதைப் போடுங்கள் என்றாள். அவர் கோபப்படவில்லை. கடிதத்தை எடுத்துக் கையெழுத்தைக் காட்டினார். அச்சடிக்கிற பிளேட் போட்டாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

"பேய அவுத்து வுட்டுட்டுக் கதைய முடிச்சா, படிக்கிறவன் எப்படிம்மா தூங்குவான்?"

"தூங்க வேணாம். என்னாத்துக்குத் தூங்கணும்? அவள வெளிய நிக்க வச்சிட்டு எல்லாரும் தூங்கனாங்க, அதான கதையே. வேணும்னா அவகிட்டயே சொல்லிக்குங்க. வாசல்ல நிக்கிறா."

அவர் சிரித்துக்கொண்டே குனிந்து எட்டிப் பார்த்தார். சிரிப்பு அப்படியே வாயில் நின்றது. அடுத்த நொடி ஷட்டரைத் தரையோடு இழுத்து மூடிவிட்டார். பிரஷ் கீழே விழுந்து கிடந்தது. உள்ளே மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாசனைதான் எப்போதும் இருக்கும். இப்போது சோகை வாடை.

டொம்... டொம்... டொம்... ஷட்டரைத் தட்டுகிற சத்தம். அவசரமே இல்லை.

திறக்காதே என்று கலியமூர்த்தி கெஞ்சினார். அத்தனை வயசான ஆள், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாராம். அக்காவுக்கும் பயம்தான். ஆனால் அவர் கையை உதறிவிட்டுப் போய் ஷட்டர் கைப்பிடியில் கை வைத்தாள். பிளேட்டை எடுங்கள், எடுக்கவில்லை என்றால் இப்போதே திறந்துவிடுவேன் என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மூஞ்சியைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய் அந்த அலுமினியத் தகட்டை இரண்டு கையாலும் மடக்கினார். விரல் கிழிந்து ரத்தம். மடக்கிப் போட்டதும் தட்டுவது நின்றது. அக்கா அப்புறமும் ஷட்டரைத் தூக்கினாள். அவர் பேப்பர் கட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். வெளியே யாரும் இல்லை. ஸ்கூட்டி பின் சீட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கொளஞ்சி, ஏன் இவ்வளவு கிட்டே வருகிறாய்? சரி, இரு. கையை மட்டும் எடு.

அன்றைக்கு ராத்திரி எட்டு மணி இருக்கும். நடந்ததைக் கேட்க ராபர்ட் அக்கா வீட்டுக்குப் போயிருந்தான். தட்டில் இட்லி. அப்போது கதவு தட்டுகிற சத்தம். மூன்று தடவை. ராபர்ட் எழுந்து தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டான். இயேசப்பா, இயேசப்பா என்று அவன் வாய் தானாகச் சொல்கிறது. பைபிளை எடு என்கிறான், பாஸ்டருக்கு போன் போடு என்கிறான். அக்கா அவன் தோளைப் பிடித்து நகர்த்தினாள்.

"எழுதுனவ நானு. கதையில தொறந்துட்டு வூட்ல தொறக்கலன்னா நான் எழுதுனது பூரா பொய்யி. நவுருடா."

திறந்தாள். வாசலில் யாரும் இல்லை. தெரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசல் கல் முழுக்க ஈரம். அக்கா ஓரமாக ஒதுங்கி, யாருக்கோ வழி விடுவது போல நின்றாள். அப்புறம் உள்ளே போய் இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள். ராபர்ட் செருப்பைக் கூட மாட்டாமல் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டான்.

பொங்கலுக்குப் புத்தகம் வந்தது. அக்கா எழுதின முடிவு, எழுத்து மாறாமல். கலியமூர்த்தியே கொண்டுவந்து கொடுத்தார், வாசற்படி ஏறவில்லை. இன்றைக்கு அது மூன்றாம் பதிப்பு. சமையல் புத்தகம் எழுதச் சொன்ன ஆளே, அடுத்த நாவலைத் தாருங்கள் என்று கடிதம் போட்டிருக்கிறார். முடிவை மாற்ற மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள், அப்புறம் பேசலாம் என்று அக்கா பதில் போட்டாள். அதைச் சொல்லும்போது மட்டும் ராபர்ட்டுக்கு நெஞ்சு நிமிரும். எனக்கும்தான்.

ஆனால் அவள் வீட்டுக் கதவுக்கு இப்போது தாழ்ப்பாள் கிடையாது. கழற்றிப் போட்டுவிட்டாள். பகலும் ராத்திரியும் திறந்தே கிடக்கும்.

போன டிசம்பரில் புயல் அடித்ததே... கூரை ஓடும் தகரமும் பறந்த அந்த ராத்திரி. அக்கா தனியாக இருக்கிறாளே என்று ராபர்ட் நனைந்துகொண்டு ஓடினான். தெருவில் எல்லா வீட்டுக் கதவும் அடைத்துப் பூட்டி, உள்ளே பீரோவை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அக்கா வீட்டுக் கதவு மட்டும் விரியத் திறந்திருந்தது. அந்தக் காற்றில்... துளிகூட ஆடவில்லை. இவன் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தான். நகரவில்லை. கதவின் பின்னாலிருந்து, விளிம்பில் நாலு விரல் தெரிந்தது. அக்காதான் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்து, விடுக்கா, சாத்திடலாம் என்றான்.

"நீ போயிப் படு தம்பி," என்றது குரல். "நான் புடிச்சிக்கறேன்."

அந்த நேரம் அக்கா உள்ளே, சமையலறையில் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தாள்.