ரவுண்டானாவைத் தாண்டாத டாக்ஸி

அட, பயப்படாதீங்க சார், வழி தெரியாம ஒண்ணும் சுத்தல. இந்த ரவுண்டானாவை இன்னும் ஒரே ஒரு சுத்து, அப்புறம் போயிடலாம்.

ஊரைப் பாக்கத்தானே வந்தீங்க? பாக்க வேண்டிய இடமே இதான். ரோட்டுல வெளுப்பா ஒரு பட்டை தெரியுதுல்ல, அங்கதான் சுவர் நின்னுச்சு. இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அவங்க. ஆமா சார், கடவுள் ஒண்ணுதான். எப்படிக் கும்பிடுறதுங்கறதுலதான் தகராறு. மூஞ்சியப் பாத்து யாரு எந்தப் பக்கம்னு சொல்ல முடியாதா, அதனால மரியாதையா கேட்டுட்டுத்தான் அடிப்பாங்க. எங்க மாமா எதையும் யோசிச்சுப் பதில் சொல்ற ஆளு. முன்பல்லு ரெண்டும் போச்சு.

சுவரை இடிச்சு ஆறு வருஷமாச்சு. மந்திரி வந்தாரு, பேண்டு வாசிச்சாங்க. மறுநாள் காலையில பாத்தா, எங்க வண்டியெல்லாம் இங்க வந்து திரும்புது, அவங்க வண்டியெல்லாம் அங்க வந்து திரும்புது. கை பழகிப்போச்சு சார்! சுவரே இல்லாத இடத்துல மூணு மணி நேரம் டிராஃபிக் ஜாம். அதோ குடைக்குக் கீழ நிக்கிறாரே போலீஸ்காரர், நேராப் போங்க, நேராப் போங்கன்னு கத்துறதுக்குன்னே போட்டிருக்காங்க. இவருக்கு முன்னாடி இருந்தவர் தொண்டை கட்டியே மாத்தல் வாங்கிட்டுப் போனாரு.

இப்ப எல்லாரும் போறாங்க. என் பொண்டாட்டி அங்கதான் ஜாக்கெட் தைக்கக் குடுக்குறா. நானா? நான் எங்க சார் போனேன். பட்டைகிட்ட வந்தா ஸ்டீயரிங் தானா திரும்பிடுது. அந்தப் போலீஸ்காரர் என்னைப் பாத்தா இப்பல்லாம் கத்துறதுகூட இல்ல, ஒரு கும்பிடு போட்டுட்டு முகத்தைத் திருப்பிக்கிறாரு.

எங்க அக்கா அந்தப் பக்கம் சார். அவங்க ஆளைக் கட்டிக்கிட்டுப் போனா, அடுத்த மாசமே சுவர் வந்துடுச்சு. வாரா வாரம் போன் பண்ணி எப்படா வருவேன்னு கேப்பா. டிராஃபிக்கா இருக்குக்கான்னு சொல்லுவேன். ஆறு வருஷமா டிராஃபிக்! நேத்து பேசுனப்ப அவ கேக்கவே இல்ல. அதைத்தான் என்னால தாங்க முடியல. தலை நரைச்சிருக்கும்ல? என்னைப் பாத்ததும் அழுவாளா, செருப்பைத் தூக்குவாளா, ஒண்ணும் தெரியல. பயமா இருக்கு சார்.

தனியா வந்தா திரும்பிடுவேன். பின்னாடி ஒரு ஆளு உக்காந்திருந்தா வெக்கத்துக்காவது போயிடுவேன்ல? அய்யோ, பட்டை வருது, பேசிக்கிட்டே இருங்க, ஏதாவது பேசுங்க... தாண்டிட்டோம்! போலீஸ்காரர் தொப்பியைக் கழட்டி ஆட்டுறாரு பாருங்க!

உங்க ஹோட்டலா? அது எங்க பக்கம்தான் சார், அப்பவே விட்டுட்டு வந்துட்டேன். கோவிச்சுக்காதீங்க. அக்கா வீட்டுல மொதல்ல நீங்க இறங்குங்க, நான் பின்னாடியே வர்றேன்.